செக்ரோலும் சபைப் பதிவேடும்: மலையக மெதடிஸ்த சபைகளின் வரலாறும் சமூகப் பணியும்

1. முன்னுரை

ஆலயமொன்றின் நூற்றாண்டு மலரைப் புரட்டுபவருக்கு அதன் வரிசை முன்கூட்டியே தெரிந்திருக்கும். வாழ்த்துச் செய்திகள், அடிக்கல் நாட்டியவரின் பெயர், பணியாற்றிய குருமார் பட்டியல், மணியும் கதிரையும் அன்பளிப்புச் செய்தோர் விபரம், கடைசிப் பக்கத்தில் குழுப்படம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒரு சபைக்கு இந்த வரிசை ஓரளவு போதும். அங்கே சபையாரின் வாழ்வு காணி உறுதியிலும் பாடசாலை இடாப்பிலும் வாக்காளர் பட்டியலிலும் தனித்தனியே பதிந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்துச் சபையின் நிலை வேறு. காணி இல்லாத, நெடுங்காலம் வாக்கும் இல்லாத மக்கள் அதன் வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள்.

பூண்டுலோயாவையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் களமாகக் கொண்டு, மலையகத்தில் மெதடிஸ்த சபைகள் ஆற்றிய பணியை இக்கட்டுரை ஆராய்கிறது. இதன் கருதுகோள் ஒன்றே. தொழிலாளியை அன்றாடம் எண்ணிக்கையாகவே கண்ட ஓர் அமைப்பின் நடுவில், அவரைப் பெயர் சொல்லி அழைத்து, பதிந்து, பொறுப்பும் கொடுத்தது மலையகச் சபையின் முதன்மையான சமூகப் பணி. கல்லூரியும் வைத்தியசாலையும் அதன் பின்னரே வருகின்றன. இந்த அளவுகோலால் அளக்கும்போது சபையின் சாதனைகளோடு அதன் தவறுகளும் தெளிவாகத் தெரியும். ஒரு சபையைக் கௌரவிக்கும் எழுத்து இரண்டையும் சொல்லக் கடமைப்பட்டது.

2. களம்

2.1 நிலமும் தோட்டமும்

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்கு வடக்கே கொத்மலைப் பக்கம் இறங்கும் மலைச்சரிவில் அமைந்த சிறு நகரம் பூண்டுலோயா. அதன் பெயரைத் தாங்கும் ஓயா கொத்மலை ஓயாவில் கலக்கிறது. டன்சினன், சீன், ஹரோ முதலிய தோட்டங்கள் நகரைச் சூழ்ந்திருக்கின்றன. மேலே லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில் தமிழ் மக்கள், கீழே கொத்மலைப் பள்ளத்தாக்கில் பழைய சிங்களக் கிராமங்கள் என்பது இப்பகுதியின் குடியமைப்பு. சம்பளம் போட்ட வாரம் இரு சாராரும் ஒரே கடைத்தெருவில்தான் சாமான் வாங்குவார்கள்.

இம்மலைகளில் முதலில் வளர்ந்தது கோப்பி. கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1823 இல் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 1869 இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகால ஆட்கள் போதும். கனி பறித்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். ஆகவே மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள். ரயில் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. ஓரிடத்தில் தங்கிவிட்ட மக்களுக்குத்தான் நிலையான சபை அமைக்க முடியும். மலையகத் திருச்சபையின் வரலாறு இந்தப் பயிர் மாற்றத்தோடு பிணைந்தது.

2.2 பதியப்பட்டவையும் எண்ணப்பட்டவர்களும்

உலக அறிவியல் ஏடுகளில் பூண்டுலோயாவின் பெயர் ஒரு விசித்திரமான வழியில் இடம்பெற்றது. இங்கே தோட்டக்காரராக இருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்பவர் (1861–1949) செதில் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தார். பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரானார். இலங்கையின் செதில் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1896 முதல் 1922 வரை பாகம் பாகமாக வெளிவந்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூச்சி இனங்கள் பல, முதன்முதலில் கிடைத்த இடம் பூண்டுலோயா என்ற குறிப்போடு, உரிய பெயரும் படமும் பெற்று நிலைத்துவிட்டன.

அதே சரிவில் கொழுந்து எடுத்த பெண் எவ்வாறு பதியப்பட்டாள்? காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அவளுக்கு எதிரே ஒரு குறி இடுவார். மாலையில் கொழுந்தின் நிறை சேரும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. மாத முடிவில் அத்தனையும் கூட்டி, கடனும் முற்பணமும் கழித்து, ஒரு தொகையாக மாறும். ஆள் திரட்டிய பெரிய கங்காணியின் கீழ் வந்தவர்களுக்குத் துண்டு என்ற கடன்சீட்டு 1921 இல் ஒழிக்கப்படும் வரை இருந்தது. ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்துக்கு உரியது என்பதை அதில் எழுதிய கடன்தொகை தீர்மானித்தது. எந்த ஊர், யாருடைய மகள், எப்போது பிறந்தாள், எதில் கெட்டிக்காரி என்பவற்றைத் தோட்டக் கந்தோர் கேட்கவில்லை. சபைப் பதிவேட்டின் பெறுமதியை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

3. மெதடிசம் மலையேறிய வழி

3.1 காலித் துறைமுகம் முதல்

மெதடிச இயக்கம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோன் வெஸ்லியின் (1703–1791) தலைமையில் எழுந்தது. 1739 இல் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வூட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே அவர் திறந்தவெளியில் பிரசங்கித்தார். கோவிலுக்குள் இடமில்லாத உழைப்பாளரைத் தேடிச் சென்றது இதன் பிறவிக்குணம் என்பதை இங்கே குறித்துக்கொள்வது அவசியம்.

கலாநிதி தோமஸ் கோக் இலங்கை மிஷனுக்காக இளம் போதகர் அறுவரோடு 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். 1814 மே 3 அன்று இந்தியப் பெருங்கடலில் கப்பலிலேயே அவர் இறந்தார். தலைவரைக் கடலில் அடக்கம் செய்த இளைஞர்கள் 1814 ஜூன் 29 இல் காலியில் கரையேறினார்கள். ஜேம்ஸ் லிஞ்சும் தோமஸ் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும், ஜோர்ஜ் எர்ஸ்கின் மாத்தறைக்கும் போனார்கள். பெஞ்சமின் க்ளஃப் காலியில் தங்கினார். மனைவியின் சுகவீனத்தால் பம்பாயில் தங்க நேர்ந்த வில்லியம் ஹார்வர்ட் அடுத்த ஆண்டு வந்து கொழும்பில் பணி தொடங்கினார். மட்டக்களப்பில் ஓல்ட் ஓராண்டுகூட நிறைவுறாமல் 1815 ஏப்ரலில் மரணமடைந்தார். அந்தச் சில மாதங்களில் அவர் தொடங்கிய பள்ளியிலிருந்தே இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது.

இவர்கள் வந்த வேளையில் மலைநாடு கண்டி அரசனின் கையில் இருந்தது. 1815 மார்ச்சில்தான் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. ஆகவே கரையோரமே முதற் களமானது. வடகிழக்கில் தமிழ்ப் பணியும் தெற்கில் சிங்களப் பணியும் இரு தனிப் பகுதிகளாக வளர்ந்தன. பின்னாளில் சிங்களப் பகுதியின் நடுவே, வடகிழக்கோடு உறவற்ற ஒரு தமிழ்ச் சமூகம் மலையில் உருவானபோது, அதை யார் கவனிப்பது என்ற கேள்விக்கு ஆயத்தமான விடை இருக்கவில்லை.

3.2 மலைநாட்டில்

தோட்டத் தொழிலாளர் நடுவே ஒழுங்கான புரொட்டஸ்தாந்துப் பணியை முதலில் தொடங்கியது அங்கிலிக்கன் சபை. 1854 இல் கண்டியைத் தளமாகக் கொண்டு எழுந்த 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டக்காரர் சிலரின் பண உதவியாலும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமாராலும் நடந்தது. கூலி என்ற சொல் மிஷனின் பெயரிலேயே நின்றது அக்காலத்தின் பார்வையைக் காட்டுகிறது. பிற்காலத்தில் அந்தப் பெயர் மாற்றப்பட்டது.

மெதடிஸ்த மிஷன் மலைநாட்டில் பெரும்பாலும் நகரங்களில் காலூன்றியது. சாமுவேல் லாங்டன் 1879 இல் கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் ஊவாவுக்குச் சென்று, 1880களில் ஹப்புத்தளைப் பக்கம் 'ஹேப்பி வேலி' என்ற பெயரில் அநாதைச் சிறுவருக்கான தொழிற்பயிற்சி இல்லத்தை அமைத்தார். லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891 இல் கண்டியில் 11 மாணவரோடு தொடங்கிய பள்ளி பின்னர் மெதடிஸ்த மிஷனோடு இணைந்து கிங்ஸ்வூட் கல்லூரியானது. வெஸ்லி பிரசங்கித்த சுரங்கப் பகுதியின் பெயர் இவ்வாறு கண்டி மலைக்கு வந்து சேர்ந்தது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியின் தொடக்கமும் மெதடிஸ்த மிஷன் பாடசாலையே.

3.3 உபதேசியார்

இந்த நிறுவனங்களுக்கும் லயத்துக்கும் இடையே இருந்த தூரத்தை நடந்து கடந்தவர் உபதேசியார். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து நடத்திப் போவார். மற்ற நாட்களில் நோயாளியைப் பார்ப்பது, சவ அடக்கம் செய்வது, பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுப்பது, ஊருக்குக் கடிதம் எழுதுவது அனைத்தும் உபதேசியார் தலையில் விழும். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு ஏறி இறங்கிய இவர்களின் பெயர்கள் குருமார் பட்டியலில் இராது. மிஷன் வரலாறுகளில் 'சுதேச உதவியாளர்' என்ற தொகைச்சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். மலையகச் சபைகளின் உண்மையான நிறுவனர் வரிசை இவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

4. சபை அமைப்பும் தோட்ட அமைப்பும்

4.1 வகுப்பு

மெதடிசத்தின் தனித்தன்மை அதன் கோட்பாட்டைவிட அமைப்பில்தான் அதிகம் தெரிகிறது. 1742 பெப்ரவரியில் பிரிஸ்டல் ஆலயக் கடனைத் தீர்க்க வழி தேடியபோது, உறுப்பினரைப் பன்னிருவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் வாரம் ஒரு பென்னி வீதம் திரட்டலாம் என்ற யோசனை எழுந்தது. காசு திரட்டப் போனவர் வீட்டு நிலைமையையும் அறிந்து வந்தார். யாருக்கு வேலை இல்லை, யார் நோயில் கிடக்கிறார், யார் குடியில் வீழ்ந்தார் என்பது தெரியவந்தது. வெஸ்லி இதையே ஆன்மிகப் பராமரிப்பின் அடிப்படை அலகாக்கினார். வகுப்புக் கூட்டம் பிறந்த கதை இது.

தோட்டமும் மக்களைக் குழுக்களாகவே பிரித்திருந்தது. கங்காணிக்கு ஒரு குழு, அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை, கண்டக்டர், சின்ன துரை, தோட்ட முகாமையாளரான பெரிய துரை. கட்டளை மேலிருந்து கீழே வரும். தவறு கீழே தேடப்படும். வகுப்பும் கங்காணிக் குழுவும் சிறு குழுக்களே. ஆனால் கங்காணி கேட்டது, இன்று எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பது. வகுப்புத் தலைவர் கேட்டது, வராதவருக்கு என்ன நேர்ந்தது என்பது. ஒரே லயத்தின் வாசலில் நின்று கேட்கப்பட்ட இந்த இரு கேள்விகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் மலையகச் சபையின் சமூகப் பணிக்கு அடித்தளம்.

4.2 பிடியரிசி

பென்னிக்கு இணையான தமிழ் வழக்கு பிடியரிசி. திருநெல்வேலிச் சபைகளிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, வார முடிவில் சபைக்குக் கொடுப்பார்கள். அந்த வழக்கம் குடியேறியவர்களோடு மலைக்கும் வந்தது. அதன் பொருளாதாரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தோட்டத்தில் அரிசி சம்பளத்தில் கழிக்கப்படும் பண்டம். நிறுத்துக் கொடுக்கப்பட்டது, கணக்கில் ஏறியது. சம்பளக் காசு பெரும்பாலும் கணவனின் கைக்கோ கடைக்காரரின் ஏட்டுக்கோ போகும். பானைக்குள் போகும் அரிசி ஒன்றே பெண்ணின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதிலிருந்து அவள் எடுத்த பிடி, எவருடைய அனுமதியும் கேளாமல் அவள் கொடுத்த நன்கொடை. ஆலயக் கூரைத் தகரத்தையும் உபதேசியாரின் படியையும் தாங்கிய இந்தப் பங்களிப்பு கல்வெட்டில் ஏறவில்லை. அன்பளிப்புச் செய்தோர் பட்டியலில் முதலிடம் இதற்கே உரியது.

4.3 பொதுநிலைப் பிரசங்கியார்

குருப்பட்டம் பெறாதவரும் பிரசங்கிக்கலாம் என்பது மெதடிஸ்த மரபு. சேகரம் என்ற சபைத் தொகுதியில் பல ஆலயங்கள் இருக்க, பொறுப்பான முகாமைக்குரு ஒருவரே இருப்பதால், காலாண்டுக்கு ஒருமுறை தயாரிக்கப்படும் அட்டவணைப்படி பொதுநிலைப் பிரசங்கிமார் ஆராதனை நடத்துவர். இந்த ஏற்பாடு வசதிக்காக வந்தது என்றாலும் அதன் விளைவு பெரியது. வாரம் முழுதும் 'சரிங்க ஐயா' என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒருவர், ஞாயிறன்று எழுந்து நின்று அரைமணி நேரம் கோர்வையாகப் பேசினார். அதற்காக வாசித்தார், குறிப்பு எழுதினார். சபைக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தார், பிரேரணை முன்மொழிந்தார், வாக்களித்தார். நாட்டின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த ஆண்டுகளிலும் சபையில் அவருக்கு வாக்கு இருந்தது.

4.4 ஆண்டு வட்டம்

வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடப்பது மெதடிஸ்தருக்கே உரிய வழக்கம். வெஸ்லி 1755 இல் தொடங்கிய அந்த ஆராதனையில் சபையார் தம் வாழ்வை மீண்டும் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பார்கள். அறுப்பின் பண்டிகை மலையகத்தில் தனி நிறம் பெறுகிறது. கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட், வாழைக்குலை, உயிர்க்கோழி எல்லாம் பலிபீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரே பூசணிக்காயை ஒருவர் எடுத்து மறுபடி சபைக்கே கொடுக்க, அது இரண்டாம் முறையும் ஏலம் போகும். லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு மரக்கறித் தோட்டத்தின் விளைச்சல், தேயிலையைப் போலக் கம்பனிக்குப் போகாமல், வளர்த்தவரின் கையாலேயே படைக்கப்படுவது இப்பண்டிகையின் சிறப்பு.

கொழுந்து மிகுந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க அழைப்பு வரும். காலை ஆராதனைக்கு வாங்குகள் வெறிச்சோடும். பசியறிந்த சபை ஆராதனையை மாலைக்கு மாற்றிக்கொள்ளும். பாடல்களில் ஆங்கில ஞானப்பாட்டுகளின் மொழிபெயர்ப்போடு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) வழிவந்த கீர்த்தனை மரபும் கலந்திருந்தது. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அந்த இராகங்கள் ஊரின் தொடர்ச்சியாகவும் விளங்கின.

5. சமூகப் பணியின் மூன்று முகங்கள்

5.1 கல்வி

1814 இல் வந்த மிஷனரிகளுக்கு ஆளுநர் பிரவுன்றிக், ஆங்கிலப் பள்ளி நடத்தினால் மாதப்படி தருவதாகச் சொன்னார். ஆகவே இலங்கை மெதடிசம் முதல் நாளிலிருந்தே பள்ளிக்கூடத்தோடு பிறந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் பாடசாலை, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி ஆகியவை அதன் வடபுலச் சாட்சிகள்.

தோட்டத்தில் நிலைமை வேறாயிருந்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்பு என்றானது. அதற்குமேல் படிக்க விரும்பிய பிள்ளைக்கு நகரத்து மிஷன் பாடசாலையே ஏணி. 1960–61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மெதடிஸ்த கல்லூரிகளில் பெரும்பாலானவை அரச பாடசாலைகளாயின. தோட்டப் பாடசாலைகளோ 1970களின் பிற்பகுதியிலேயே தேசிய கல்வி அமைப்புக்குள் முறையாக வரத் தொடங்கின. சுவீடனின் உதவித் திட்டமும், ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் அதன் பிறகு வந்தவை. இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மிஷன் பாடசாலையின் கதவும் மாறி, அரசின் கதவும் முழுதாகத் திறவாமல், ஒரு தலைமுறை நடுவில் நின்றது. அக்காலத்தில் ஞாயிறு பாடசாலையும் ஆலயத்து மாலை வகுப்பும் எழுத்தறிவைக் காத்த இடங்கள். பைபிளை வாசிப்பதற்காகக் கற்ற எழுத்து, செக்ரோலில் தன் கணக்கைச் சரிபார்க்கவும் உதவியது.

5.2 குடியுரிமை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டாலும், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்கக் கேட்டது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. உழைப்பால் மலையை மாற்றியமைத்தவர்கள் தாம் அங்கே வாழ்ந்ததற்குக் காகிதச் சான்று தேடி அலைந்தார்கள்.

சபைப் பதிவேட்டின் தேசிய முக்கியத்துவம் இங்கே புலனாகிறது. ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தை பெயர், வசிப்பிடம், தகப்பனின் தொழில் என வரிசையாக நிரல்கள் உண்டு. விவாகப் பதிவிலும் அடக்கப் பதிவிலும் அவ்வாறே. மதகருமத்துக்காக எழுதப்பட்ட இந்த வரி, இன்ன குடும்பம் இன்ன ஆண்டில் இன்ன தோட்டத்தில் இருந்தது என்பதற்கு மூன்றாம் தரப்பின் கையெழுத்தோடு கூடிய ஆதாரமும் ஆகும். பிறப்புப் பதிவு தவறிப்போன குடும்பத்துக்கு இத்தகைய ஆதாரத்தின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரிந்தவர்களும் தோட்டத்தில் அரிது. உபதேசியாரின் பேனாவுக்கு அங்கே வேலை வந்தது.

1964ஆம் ஆண்டை மலையக மெதடிஸ்தர் இரு காரணங்களுக்காக நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஜூன் 18 இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரித்தானியப் பேரவையிலிருந்து பிரிந்து, தன்னாட்சி கொண்ட பேரவையாயிற்று. அருட்திரு பிரெட் எஸ். டி சில்வா முதல் தலைவரானார். தெல்லிப்பளையில் பிறந்து, 1948 இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கப் பேரவையில் உரையாற்றிய டி. டி. நைல்ஸ் 1968 முதல் 1970 இல் மறையும் வரை இலங்கைத் திருச்சபையின் தலைவராயிருந்தார். சுதேசத் திருச்சபை என்ற பெருமிதம் எங்கும் பேசப்பட்டது. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 30 அன்று, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றோர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்றது அது. அந்த எஞ்சியோரையும் 1974 இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. திருச்சபை தன் நாட்டில் வேரூன்றிவிட்டதாக அறிவித்த அதே ஆண்டில், ஏற்கெனவே நாடற்றிருந்த அதன் மலையக உறுப்பினர் பலர் நாட்டைவிட்டே அனுப்பப்பட வேண்டியவர்கள் என்றானது. சபை வரலாற்றில் இவ்விரு நிகழ்வுகளும் ஒரே அத்தியாயத்தில் எழுதப்பட வேண்டும்.

ஒப்பந்தம் சபைகளின் உடலை நேரடியாக வெட்டியது. ஒரே பாடகர் குழுவில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னார் வழியாகப் போனவர்கள் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் வேறு முகாம்களிலும் சிதறினார்கள். கையில் கொண்டுபோன காகிதங்களுள் சபை மாற்றச் சீட்டும் ஒன்று. இன்ன சபையின் அங்கத்தவர், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதிய அந்தச் சீட்டு, அவர்களை 'தாயகம் திரும்பியோர்' என்ற அரசாங்கச் சொல்லால் குறிக்காத ஆவணம். எஞ்சிய நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவை நெருங்கியது.

5.3 இரு மொழிச் சபை

1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத் தோட்டங்களையும் தாக்கின. வன்செயலுக்குப் பின் அதே கடைத்தெருவில் மீண்டும் முகம் பார்க்க வேண்டிய சிறு நகரங்களில், இரு மொழியினரும் ஒரே நிறுவனத்தின் உறுப்பினராயிருக்கும் இடங்கள் மிகச் சில. மெதடிஸ்த திருச்சபை அவற்றுள் ஒன்று. ஒரே பேரவை, ஒரே உடன்படிக்கை ஆராதனை, இரண்டு மொழி. நத்தார்க் கீதம் ஒரு கண்ணி தமிழிலும் மறு கண்ணி சிங்களத்திலும் பாடப்படுவது வெளியாருக்குச் சம்பிரதாயமாகப் படலாம். அகதியாக வந்த அயலவருக்கு ஆலய மண்டபத்தைத் திறந்துவிடும் மனநிலை அத்தகைய பழக்கத்திலிருந்தே உருவாகிறது.

6. தடுமாற்றங்கள்

முதலாவது தடுமாற்றம் துரையின் நிழல். தோட்டத்தில் ஆலயம் எழும்ப நிலம் கம்பனியுடையது. கூட்டம் கூட அனுமதி துரையுடையது. துரையும் பெரும்பாலும் கிறிஸ்தவரே. அவருடைய நல்லெண்ணத்தில் நிலைத்த சபை, அவர் கொடுத்த கூலியைப் பற்றி உரத்துப் பேசத் தயங்கியது. இங்கிலாந்தின் கதை இதற்கு மாறானது. 1834 இல் டோர்செட் மாவட்டத்தின் டொல்படில் கிராமத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஆறு விவசாயத் தொழிலாளரின் தலைவர் ஜோர்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்த பொதுநிலைப் பிரசங்கியார். அங்கே பிரசங்க மேடை தொழிற்சங்கத்துக்குப் பேச்சாளரைப் பயிற்றியது.

மலையகத்தில் அவ்வாறு நிகழவில்லை. கோ. நடேசய்யர் 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதும், 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தபோதும், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானபோதும், சபை ஓர் ஓரத்திலேயே நின்றது. டொல்படிலில் கூலிக்காரரும் சபையாரும் ஒரே மக்கள். இங்கே தொழிலாளருள் கிறிஸ்தவர் சிறுபான்மை, மெதடிஸ்தர் அதிலும் சிறுபான்மை. சபையில் செல்வாக்குள்ளவர் பலர் கந்தோர் உத்தியோகத்தர், ஆசிரியர், கங்காணி குடும்பத்தார். எண்ணிக்கை குறைவு என்பது விளக்கமாகலாம், முழு நியாயமாகாது. தனி மனிதனைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த சபை, அவனுடைய நாட்கூலியைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது.

இரண்டாவது தடுமாற்றம் சாதி. ஊரிலிருந்து கங்காணி கூட்டி வந்த குழுக்கள் சாதி வரிசையோடு வந்தன. லயங்களும் அவ்வாறே பிரிக்கப்பட்டன. திருவிருந்தில் ஒரே பாத்திரம் என்பதைச் சபை ஒழுங்கு கட்டாயப்படுத்தியது. கலியாணப் பேச்சில் அந்த ஒழுங்கு செல்லுபடியாகவில்லை. மூன்றாவது, வடபுலத்திலிருந்து வந்த குருமாருக்கும் ஆசிரியருக்கும் தோட்ட மக்களுக்கும் இடையே நிலவிய உயர்வு தாழ்வு. ஒரே தமிழ் பேசினாலும் ஒருவர் வாங்கிலும் மற்றவர் பாயிலும் அமர்ந்த காலம் இருந்தது. மலையகத்திலேயே பிறந்து வளர்ந்த குருமார் வரத் தொடங்கிய பின்னரே இந்தத் தூரம் குறைந்தது.

7. தோட்டச் சபை வரலாற்றை எழுதும் முறை

மேற்கண்ட ஆய்விலிருந்து, பூண்டுலோயா போன்ற இடங்களில் சபை வரலாறு எழுத முன்வருவோருக்குச் சில நடைமுறைகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளை மூலாதாரமாகக் கொள்ள வேண்டும். தொழில், வசிப்பிட நிரல்களை ஆண்டுவாரியாகத் தொகுத்தால் எந்தத் தோட்டத்தில் எப்போது குடும்பங்கள் பெருகின, 1964க்குப் பின் எந்த லயம் காலியானது, எந்தத் தலைமுறையில் 'தொழிலாளி' என்ற சொல் 'ஆசிரியர்' என்று மாறியது என்பவை வெளிப்படும். பனியும் ஈரமும் காகிதத்தின் பகைவர். ஆகவே பதிவேடுகளை மின்வருடிப் பாதுகாப்பது வெள்ளையடிப்பதைவிட அவசரமான வேலை. உயிரோடிருப்போரின் விபரங்கள் வெளியாகாமல் காப்பதும் அதில் அடங்கும்.

இரண்டாவதாக, பெண்கள் ஐக்கியத்தின் கணக்குப் புத்தகங்களையும் பொதுநிலைப் பிரசங்கிமார் அட்டவணைகளையும் தேட வேண்டும். மூன்றாவதாக, இந்தியாவுக்குப் போன சபையாரின் வழித்தோன்றல்களை நீலகிரியிலும் பிற இடங்களிலும் தேடி அவர்களுடைய வாய்மொழியைப் பதிய வேண்டும். சபையின் பாதி வரலாறு கடலுக்கு அப்பால் இருக்கிறது. நான்காவதாக, ஒரே தோட்டத்தின் மாரியம்மன் கோவில் ஆட்களையும் சங்கத் தலைவர்களையும் கேட்க வேண்டும். சபை தன் அயலவருக்கு என்ன செய்தது என்பதை அயலவரே சொல்லக் கேட்பது நியாயம்.

8. முடிவுரை

1814 முதல் கணக்கிட்டால் இலங்கை மெதடிசத்துக்கு இருநூறு ஆண்டுக்கு மேலாகிறது. மலையக மக்கள் தம் இருநூறாவது ஆண்டை 2023 இல் நினைவுகூர்ந்தார்கள். ஏறக்குறைய ஒரே வயதான இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடம் தோட்டத்துச் சபை. அங்கே மெதடிசம் கட்டிய பெரிய கல்லூரிகள் இல்லை. வகுப்புத் தலைவர், உபதேசியார், பிடியரிசிக் கலயம், பிரசங்க அட்டவணை, பதிவேடு ஆகிய எளிய கருவிகளே இருந்தன. தொழிலாளியை ஆளாக மதிக்கும் பழக்கத்தை அவை ஊட்டின. கூலி, சாதி ஆகிய இடங்களில் அந்தப் பழக்கம் பாதியில் நின்றதும் உண்மை.

இன்று தேவைகள் மாறியுள்ளன. டன்சினனில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் தனி வீடுகள் எழுந்திருந்தாலும், மலையகத்தின் பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே வாழ்கின்றன. வீட்டுக்குத் தனி விலாசம் கிடையாமல், கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வந்து சேரும் நிலை பல இடங்களில் தொடர்கிறது. காணி உறுதி, தனி விலாசம், நியாயமான நாட்சம்பளம் ஆகிய மூன்றும் இன்றைய பதிவேட்டில் நிரம்ப வேண்டிய நிரல்கள். தன் பழைய பதிவேடுகளின் பெறுமதியை உணர்ந்த சபை இந்த மூன்றுக்காகவும் வெளிப்படையாகக் குரல் கொடுக்கக் கடமைப்பட்டது. நூற்றாண்டு மலரும் அந்தக் கடமையைத் தன் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.